ஒற்றைக் கண்ணால் பார்த்த நிக்கல்

மரியரட்ணம் அண்ணையோடு கதைப்பது பெரிய கரைச்சல். நாம் வீட்டு விலையைப் பற்றிப் பேசினால், அவர் நம் மிச்சக் காசிலிருந்து ஐந்து சத நிக்கல் ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருப்பார். வயது அறுபத்தொன்று. யூனியன்வில் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி இருபத்திரண்டு வருடம். நானும் அதே கம்பனியின் பஸ் யார்டிலிருந்துதான் ஓட்டுகிறேன். காலை ஓட்டம் முடிந்தால் பின்னேர ஓட்டம் வரை இரண்டு பேருக்கும் வேலை இல்லை. டோனட் கடை மூலையில் நான் போனை நோண்டிக்கொண்டிருக்க, அவர் வங்கியில் வாங்கி வந்த, காகிதத்தில் சுற்றிய நிக்கல் ரோலை உடைத்து மேசையில் கொட்டுவார்.

அவர் தேடுவது இரட்டிப்பு. அச்சைச் செய்யும்போதே உருவம் இரண்டு தரம் பதிந்துவிட்டால், அந்த அச்சில் அடித்த காசெல்லாம் எழுத்து இரட்டித்தே வரும். அது விலைபோகிற சரக்கு. அடிக்கிற நேரத்தில் அச்சு ஆடியதால் வருகிற இரட்டிப்பு வெறும் குப்பை. எது எதென்று பிரிக்க, லூப் என்ற குட்டிப் பூதக்கண்ணாடியை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடி, ஒவ்வொரு எழுத்தாகப் போவார். அறுபத்துநாலாம் ஆண்டு நிக்கலில், காசிலுள்ள பீவர் விலங்கின் உருவத்துக்குக் கீழே தண்ணீர்க் கோடு ஒன்று கூடுதலாக விழுந்த வகை உண்டு. அது கிடைத்த அன்று எனக்கு டோனட் வாங்கித் தந்தார். அந்த மனுசன் வாங்கித் தந்தது அந்த ஒரு முறைதான்.

போன ஜனவரியில் ஒரு நாள் மேசையைத் தட்டினார்.

"கிருபன், இதைப் பாரும்! வெறுங்கண்ணுக்கே தெரியுது. ஆண்டு அப்பிடியே ரெண்டாய் விழுந்திருக்கு."

நான் பார்த்தேன். "எனக்கு ஒண்டுதான் தெரியுது, அண்ணை."

லூப்பை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. லூப்பை எடுத்துவிட்டுப் பார்த்தார். அடுத்த காசை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். மேசையில் கிடந்த நாற்பதிலும் அவருக்கு இரட்டிப்புத் தெரிந்தது.

"நாப்பதிலயுமோ? அப்ப உங்களுக்கு லொத்தர் விழுந்திட்டுது," என்று பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து கடையின் விலைப் பலகையைப் பார்த்தார். இடது கண்ணை மூடினார், திறந்தார். வலதை மூடினார், திறந்தார். பிறகு காசையெல்லாம் வழித்துப் பைக்குள் போட்டார்.

"காசில ஒண்டும் இல்லை. என்ரை கண்ணிலதான்."

"இண்டைக்கே டொக்டரிட்டைப் போங்கோ."

"போனா லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள். பிறகு நான் என்னத்தைச் செய்யிறது? மார்ச் பிறேக் லீவு வரட்டும், போறன். ஒற்றைக் கண்ணால பாத்தா எல்லாம் வடிவாத் தெரியுது. கிளடிஸுக்குச் சொல்லிப்போடாதையும்."

கிளடிஸ் அக்கா அவர் மனைவி. சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கியிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கேன் இந்த வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

மூன்று கிழமை அப்படியே ஓடியது. காலையில் அவர் பஸ் என்னைக் கடந்து போகும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இடது கண்ணை மூடியபடி இருப்பார். ஒரு நாள் யார்டில் நின்ற செம்மஞ்சள் கூம்பை இடித்து விழுத்தினார். இன்னொரு நாள் பாலைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். நிக்கல் ரோல் வாங்குவதை நிறுத்தியிருந்தார். பின்னேரங்களில் அவருடைய பஸ் திரும்பி வரும்வரை யார்டை விட்டுப் போக எனக்கு மனம் வராது.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை யார்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மரியரட்ணத்துக்குக் கண் தெரியவில்லையாம், அவருடைய பஸ்ஸை எடுத்து வா என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, கடைசித் தரிப்பில் பஸ் வெறுமையாக நின்றது. அண்ணை தெருவோரப் பனிக் குவியலில் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தரிப்பில் இறங்குவது முதலாம் வகுப்பில் படிக்கும் இரட்டைச் சகோதரிகள். ஒரே ஊதா ஜக்கெட், ஒரே தொப்பி. பஸ்ஸுக்கு முன்னால் தெருவைக் கடந்து, அங்கால் நின்று கைகாட்டுவார்கள். இரண்டு பேரையும் எண்ணிய பிறகுதான் பஸ் நகரவேண்டும். அன்று பனியில் வெயில் பட்டுத் தெறித்ததில் திறந்திருந்த கண்ணால் தண்ணீர் ஓட, அண்ணை மற்றக் கண்ணையும் திறந்திருக்கிறார்.

"இறங்கினது ரெண்டு பேர். அங்கால நிண்டதும் ரெண்டு பேர். சரியெண்டு பிறேக்கில இருந்து காலை எடுத்திட்டன், கிருபன்."

"பம்பரடி தெரியிற வட்டக் கண்ணாடியைப் பாக்கேல்லையோ?"

"அதுக்குள்ள எல்லாம் ரெண்டு ரெண்டாய்க் குழம்பிக் கிடந்தது."

பஸ் உருண்டிருக்கிறது. அப்போதுதான் அங்கால் நின்ற இரண்டு பேருக்கும் இடது கையில் கையுறை இல்லாததைக் கண்டிருக்கிறார். இரண்டு புத்தகப் பையிலும் ஒரே இடத்தில் ஒரே கிழிசல். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் கிடந்தால் இரண்டும் ஒரே அச்சு என்று வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண் அது. இரட்டைப் பிள்ளைகள் என்றாலும் பை ஒரே இடத்தில் கிழியாது. பிறேக்கை ஏறி மிதித்தார். ஒரு கண்ணை மூடினார். அங்கால் ஒருத்திதான் நின்றாள்.

மற்றவள் பம்பருக்கு முன்னால் குந்தியிருந்தாள். சகோதரி தவறவிட்ட கையுறையைப் பனிக்குள்ளிருந்து தோண்டிக்கொண்டிருந்தாள். தொப்பிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். பஸ் நகர்ந்ததே அவளுக்குத் தெரியாது. கையுறை ஒட்டிப்போய்விட்டது, எடுத்துத் தா என்று இவரிடமே கேட்டாளாம். எடுத்துக் கொடுத்து, இரண்டு பேரையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"ஒருத்தரும் காணேல்லை," என்றார். "பேசாம பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஏலாமப் போச்சு."

பனியில் சக்கரத்தின் தடத்தை எனக்குக் காட்டினார். முழுதாக இரண்டடி.

ஸ்கானில் கண்ணுக்குப் பின்னால் நரம்பை அமத்திக்கொண்டு ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. வெட்ட முடியுமா என்று டொக்டர்மார் இன்னும் சொல்லவில்லை. கம்பனி விசாரணையில், கண் பிரச்சினை யாருக்காவது முன்பே தெரியுமா என்று கேட்டார்கள். ஒருத்தருக்கும் தெரியாது என்று அண்ணை எழுதிக் கொடுத்தார். என்னைக் கேட்டபோது நானும் தெரியாது என்றுதான் சொன்னேன்.

அந்த ஓட்டத்தை இப்போது எனக்குத் தந்திருக்கிறார்கள். இரண்டு சிறுமிகளும் அங்கால் நின்று கைகாட்டுகிறார்கள். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் இறங்கிப்போய், பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கிறேன்.