பார்த்ததற்குக் கூலி

சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வண்டியின் பானட்டில் வரிசையாக வைப்பார் ட்ரெவர் ஸ்வீனி. மூக்குக் கண்ணாடி, கைபேசி, புதினா மிட்டாய், சாவிக்கொத்து. ஒரு துண்டுப் பென்சில் மட்டும் காதிடுக்கில் தங்கிவிடும். மல்லாந்து படுத்து எழுதும்போது பேனாவில் மை இறங்காது. பென்சிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறகு வீட்டுக்காரரிடம் நாயின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுவார். "உள்ள யாரு போறான்னு அதுக்குத் தெரியணும்ல." நாய் இல்லாத வீடாக இருந்தால் பூனையிடம் சொல்வார். அதன்பின் குப்புறப் படுத்து வீட்டுக்கு அடியில் நுழைந்துவிடுவார். ஆறடிக்கு ஒரு விரல் குறைவான அந்த உடம்பு, முழங்கால் உயர இடைவெளியில் எப்படி மறைகிறது என்று வீட்டுக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

மேரிபரோ ஊரின் பழைய பலகை வீடுகள் எல்லாம் மரக் கால்களில் நிற்பவை. நாற்பது ஐம்பது கால்கள் இல்லாத வீடு அபூர்வம். ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், கரையான் ஒரு பக்கம் என்று அவற்றைத் தின்கின்றன. கதவு மூட மறுக்கும். குளியலறைத் தரையில் வைத்த சோப்பு ஒரு மூலைக்கே போய்ச் சேரும். அப்போதுதான் வீட்டுக்காரருக்குக் கால்களின் நினைவு வரும். வீட்டை ஜாக்கியால் மயிரிழை தூக்கி, உளுத்த காலை உருவிவிட்டுப் புதுக் காலை நிறுத்துவது ட்ரெவரின் தொழில். முப்பது வருடமாக இதுதான்.

எந்தக் கால் கெட்டது என்று அறிய ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டுவார். சத்தம் பிடிக்காவிட்டால் கால் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் நீளமான திருப்புளியால் குத்துவார். நல்லதற்குச் சாக்பீஸால் ஒரு கோடு, கெட்டதற்கு ஒரு பெருக்கல் குறி. இந்தப் பழக்கம் பேச்சிலும் ஏறிவிட்டது. மழை வருமா என்று கேட்டாலும், புது மேயர் எப்படி என்று கேட்டாலும் ஒரே பதில்: "தட்டிப் பாத்தாத்தான் தெரியும்." அக்காள் மகளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோதும் இதையே சொல்லி, ஒரு வாரம் அக்காளிடம் சாப்பாடு கிடைக்காமல் திரிந்தார்.

அக்காள் கெய்லீன் அவரைவிட நான்கு வயது மூத்தவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் திரைச்சீலை தைக்கும் கடையில் சேர்ந்து, அங்கேயே முப்பத்தைந்து வருடம் இருந்தவர். துணியை இரண்டு முறை அளக்காமல் கத்தரியைத் தொட்டதில்லை. கடை மூடியபின் தம்பியின் தொலைபேசி அவர் கைக்கு வந்தது. யார் கூப்பிட்டாலும், "ஸ்வீனி. வீட்டுக் கால்கள்," என்று கவர்னர் மாளிகையிலிருந்து பேசுவதுபோல் பேசுவார். தம்பி வேலை செய்த வீடுகள் இருக்கும் தெரு வழியாகப் போகும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார்.

பார்ப்பதற்குப் பணம் வாங்குவது என்ற யோசனை கெய்லீனுடையது. அதற்குக் காரணம் ஒரு சாக்பீஸ் குறி.

மூன்று வருடங்களுக்கு முன் ஆற்றோரத் தெருவில் ஒரு வீட்டுக்கு அடியில் அரை நாள் கிடந்து, பத்துக் கால்கள் மாற்ற வேண்டும் என்று விலை சொல்லிவிட்டு வந்தார் ட்ரெவர். காசு வாங்கவில்லை, அந்தக் காலத்தில் யாரும் வாங்குவதில்லை. அங்கே மறந்துவிட்ட சுத்தியலை எடுக்க மறுநாள் போனால், வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதே தொழில் செய்யும் ஷேன் என்பவன் குறைந்த விலைக்குச் செய்கிறானாம். பதினொரு கால்களாம். ட்ரெவருக்கு அந்தப் பதினொன்றாவது எது என்று உடனே தெரிந்துவிட்டது. நல்ல கால் ஒன்றில் கை தவறிப் பெருக்கல் போட்டு, சட்டைக் கையால் அரைகுறையாகத் துடைத்திருந்தார். ஷேன் உள்ளே நுழையவே இல்லை. வெளியே குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து, ட்ரெவரின் பெருக்கல்களை எண்ணிவிட்டுப் போயிருக்கிறான்.

"அவன் உன் முதுகு மேல ஏறி நின்னு பழம் பறிக்கறான்டா," என்றார் கெய்லீன்.

"விடு கெய்ல். எல்லாரும் சும்மாதானே பாக்கறாங்க."

"எல்லாரும் பாக்கறாங்களா? நீ ஒருத்தன் பாக்கற. மத்தவன் உன்னைப் பாக்கறான்."

அடுத்த திங்கட்கிழமை முதல், பார்வையிட நூற்று அறுபத்தைந்து டாலர். அதற்கு ஈடாக, எந்தக் கால் எங்கே, எப்படி என்று காட்டும் ஒரு வரைபடம். ட்ரெவர் பென்சிலில் கிறுக்கிக் கொண்டுவருவதைக் கெய்லீன் கட்டம் போட்ட தாளில் மையால் வரைவார். அதை வைத்துக்கொண்டு யாரிடம் வேண்டுமானாலும் வேலை வாங்கிக்கொள்ளலாம். தொகையைச் சொல்வதும் கெய்லீன்தான். ட்ரெவருக்கு அது வாயில் வராது. வாடிக்கையாளர் பணத்தை நீட்டும்போது அவர் நாயைத்தான் பார்ப்பார்.

ஊர் சும்மா இருக்குமா? ரொட்டிக் கடையில் ஒருவர், "ட்ரெவ், வணக்கம் சொன்னா எவ்வளவு?" என்றார். "வணக்கம் ஃப்ரீ. குனிஞ்சு பாத்தாத்தான் காசு," என்றார் ட்ரெவர். கடையே சிரித்தது. ஆனால் தொலைபேசி அடிப்பது பாதியாகக் குறைந்தது. ஷேன் தன் வண்டியின் இரண்டு பக்கமும், "பார்ப்பது இலவசம்" என்று எழுதி, ஸ்வீனி வீட்டுத் தெருவிலேயே ஒரு தடவை அனாவசியமாகச் சுற்றிவந்தான்.

இந்த மார்ச் மாதம் வெல்மா டென்ட் கூப்பிட்டார். எழுபத்தொரு வயது. நீச்சல் குளத்தின் தின்பண்டக் கடையை இருபது வருடம் நடத்தியவர்; ஊரில் பாதிப் பேர் சிறுவயதில் அவரிடம் அதட்டு வாங்கியவர்கள். கணவர் இறந்தபின் வீட்டில் ஒரு நாயோடு தனியாக இருக்கிறார். ஷேன் இலவசமாகப் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு கால்களும் போய்விட்டன, முப்பத்தெட்டாயிரம் ஆகும், வெள்ளிக்கிழமை மாலைக்குள் முன்பணம் தந்தால்தான் இந்த விலை என்று சொல்லியிருந்தான். அவ்வளவு பணத்துக்கு வெல்மா வீட்டைத்தான் அடமானம் வைக்க வேண்டும். வங்கித் தாள்கள் தயாராக இருந்தன. கையெழுத்துப் போடுவதற்குமுன் இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று நினைத்தவர், நூற்று அறுபத்தைந்து என்றதும் தொலைபேசியிலேயே பொரிந்து தள்ளினார்.

"பாக்கறதுக்கா? நான் கடையில வெச்சிருந்த ஐஸ்கிரீமைப் பாத்ததுக்கெல்லாம் காசு வாங்கியிருந்தா இன்னிக்கு அரண்மனைல இருந்திருப்பேன்."

"ஐஸ்கிரீமைப் பாக்க யாரும் உங்க கடைக்கு அடியில ஊர்ந்து போகலியே," என்றார் கெய்லீன்.

செவ்வாய்க்கிழமை ட்ரெவர் இரண்டரை மணி நேரம் உள்ளே கிடந்தார். வெளியே வந்து, ஐந்து கால்கள்தான் கெட்டவை, மற்றதெல்லாம் இன்னும் இருபது வருடம் நிற்கும், கதவு இறுகுவதற்குக் காரணம் உடைந்த மழைநீர்க் குழாய் மண்ணை அரித்தது என்றார். வெல்மா பணத்தைக் கொடுத்தார். ட்ரெவர் நாயைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லேன்னு சொல்றதுக்குக் காசு வாங்கற முதல் ஆளு நீதான்," என்றார் வெல்மா.

"ஒண்ணுமில்லேன்னு சொல்லலியே. அஞ்சுன்னு சொன்னேன்."

வீட்டுக்கு வந்து அக்காளிடம் சொன்னபோது ட்ரெவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "சும்மா பாத்திருந்தேன்னு வை. இவ்வளவு நேரம் கெடந்துட்டு அஞ்சு காலோட வெளிய வர மனசு வருமா? பத்துன்னு வாயில வந்திருக்கும். எனக்கே தெரியாம வந்திருக்கும்." அன்று கெய்லீன் இரண்டு பேரிடமாவது அதைத் திருப்பிச் சொன்னார்.

புதன்கிழமை கெய்லீன் வரைபடத்தை மையில் வரைய உட்கார்ந்தார். ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு வட்டம். மூன்றாவது வரிசையில் ஐந்துதான் வந்தது. மறுபடி எண்ணினார். விரலை வைத்து எண்ணினார். மொத்தம் நாற்பத்தொன்று. தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ட்ரெவ், மூணாவது வரிசையில ஒரு கால் குறையுது."

"அங்க அவ்வளவுதான் இருந்திருக்கும்."

"வீடு என்ன, ஒரு காலைத் தூக்கிட்டு நிக்கற கொக்காடா?"

ட்ரெவர் மெதுவாகச் சொன்னார். வெல்மாவின் கணவர் அந்த இடத்தில் ஒரு பழைய குளியல் தொட்டியையும் வேலிப் பலகைகளையும் அடைத்து வைத்திருந்தார். ட்ரெவருக்கு அந்தப் பக்கமாக எட்டவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து பார்க்கலாம் என்று நினைத்தார். சுற்றி வந்தபோது அதை மறந்து, அடுத்த காலுக்கு எண் போட்டுவிட்டார்.

"அது நல்ல காலாத்தான் இருக்கும். அக்கம்பக்கத்துல எல்லாம் நல்லா இருக்கு."

"தட்டிப் பாத்தியா?"

முன்பென்றால் விட்டுவிடலாம். இலவசமாகப் பார்த்ததில் ஒன்று விட்டுப்போனால் யார் கேட்பார்கள்? இப்போது வெல்மாவிடம் ரசீது இருக்கிறது.

"நாளைக்குக் காலைல போறேன்," என்றார் ட்ரெவர்.

"நானும் வரேன். எண்ணறதுக்கு ஒரு ஆள் வேணும்."

வியாழக்கிழமை காலையில் அவர்கள் போனபோது வெல்மா பவுல்ஸ் மன்றத்துக்குக் கிளம்பி நின்றிருந்தார். தொப்பி, சட்டை, பாவாடை, காலணி எல்லாம் வெள்ளை. மன்றத்தில் பந்து உருட்டுபவர்களின் உடுப்பு அது.

"என்ன, பாத்ததை மறுபடி பாக்க வந்தியா? இதுக்கும் ரசீது உண்டா?"

"இல்லீங்க. ஒண்ணை விட்டுட்டேன்," என்றார் ட்ரெவர்.

"விட்டுட்டியா?"

"ஆமா."

ட்ரெவர் வீட்டுக்கு அடியில் நுழைந்தார். பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே தள்ளினார். குளியல் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி வந்து வெயிலில் கிடந்தது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. நல்ல, கெட்டியான சத்தம். கெய்லீன் மூச்சு விட்டார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது.

ட்ரெவர் தவழ்ந்து வெளியே வந்து, பின்படிக்கட்டில் உட்கார்ந்து திருப்புளியைக் காட்டினார். கைப்பிடி வரை ஈரமான மரத்தூள் அப்பியிருந்தது.

"மேல நல்லா இருக்கு. மண்ணுக்குள்ள போற எடத்துல மக்கிப் போச்சு. குளியலறைக்கு நேர் கீழ. ஆறுங்க. அஞ்சு இல்ல."

வெல்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று கெய்லீன் எதிர்பார்த்தார். ஆனால் அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

"செவ்வாக்கிழமை அஞ்சு. இன்னிக்கு ஆறு. நாளைக்கு ஏழுன்னு வருவியா? அவன் ஒரு பைசா வாங்காம நாப்பத்திரண்டுங்கறான், மாத்தாம சொல்றான். நீ காசு வாங்கிட்டு மாத்தி மாத்திச் சொல்ற. நாளைக்குச் சாயங்காலம் நான் கையெழுத்துப் போடணும். யாரை நம்பிப் போடறது?"

"அவன் உள்ளயே போகலை!" என்று கெய்லீன் வெடித்தார். "என் தம்பி தன் தப்பைத் தானே வந்து..."

"கெய்ல்." ட்ரெவர் கையைத் தூக்கினார். "அவங்க கேக்கறது நியாயந்தான்."

"அந்தக் காசைத் திருப்பிக் குடுத்துடேன்டா, பேச்சு முடியட்டும்," என்று கெய்லீன் அவர் காதருகில் முணுமுணுத்தார். அது அவருக்கே பிடிக்காத வார்த்தை.

"காசைத் திருப்பிக் குடுத்தா அவங்க வீட்டுக் கால் என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

வெல்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடமானம் வைக்கப்போகும் வீடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதன் அடியை இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

ட்ரெவர் அந்த வெள்ளைப் பாவாடையை ஒருகணம் பார்த்தார். பிறகு குனிந்து, தவழ்வதற்காகத் தன் முழங்கால்களில் கட்டியிருந்த ரப்பர் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவற்றிலிருந்த சேற்றைத் தன் கால்சட்டையிலேயே துடைத்துவிட்டு, சுத்தியலோடு சேர்த்து வெல்மாவிடம் நீட்டினார்.