டைகர் ஏன் குரைப்பதில்லை?

எங்கள் தெருவில் டி.வி. இருக்கிற ஒரே வீடு ஆரோக்கியசாமி வீடு. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம் போட்டால் தெருவே அங்கேதான்.

அறுவடை முடிந்து மண்டிக்கு மல்லாட்டை மூட்டைகள் வரத் தொடங்கியிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கதவோரமாக, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த இடம் அது. அங்கே உட்கார்ந்தால் யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

படத்தில் கதாநாயகி அழ ஆரம்பித்தாள். வெளியே ஒரு நாய் குரைக்க ஆரம்பித்தது. அவள் விசும்பினால் இது குரைக்கிறது. அவள் நிறுத்தினாலும் இது நிறுத்தவில்லை...

"யாரு வூட்டு நாயிப்பா அது? ஒரு வசனம் காதுல வுழல!"

யார் வீட்டு நாய் என்று எல்லோருக்கும் தெரியும். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியசாமி எழுந்து வெளியே போனார். தெருவைத் தாண்டி எங்கள் கேட் வரைக்கும்தான் போயிருப்பார். குரைப்பு நின்றுவிட்டது. திரும்பி வந்து, "ஒண்ணுமில்லிங்க, படத்தப் பாருங்க" என்று உட்கார்ந்தார். மொத்தக் கூட்டமும் அவரைக் கதாநாயகனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. என்னை எப்படிப் பார்த்தது என்று சொல்ல வேண்டுமா?

இதில் இன்னொரு கொடுமை. அவர்கள் வீட்டு நாய் டைகர் வாசலிலேயே படுத்திருக்கிறது. அத்தனை பேர் தாண்டிப் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு 'வள்' கிடையாது. முன்னங்காலில் தாடையை வைத்துக்கொண்டு, ரிடையர்டு ஆபீசர் மாதிரி!

எனக்குப் பொறாமை. அவருடைய டி.வி. மேல் இல்லை. மாடி வீட்டின் மேலும் இல்லை. என் நாய், நான் சோறு போடுகிற ஜிம்மி, அவர் சொன்னால் கேட்கிறது — அதன் மேல்தான்.

என் எழுத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவன். நீங்கள் வேர்க்கடலை என்று சொல்வதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்கிறோம். படிப்பு ஐந்தாவதோடு சரி. எழுத வருகிற அளவுக்கு எனக்குப் பேச வராது. மண்டியில் அதனால் நஷ்டமில்லை. அங்கே தராசு முள் பேசிவிடும். வீட்டில் நான் கூச்சமில்லாமல் பேசுகிற ஒரே ஆள் ஜிம்மிதான்.

ஆரோக்கியசாமி அப்படியில்லை. ரயில்வேயில் வேலை. தினமும் பாசஞ்சரில் விழுப்புரம் போய் வருகிறார். டீ விற்கிறவர், கார்டு, பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு வந்த அம்மா — இறங்குவதற்குள் எல்லோரும் அவருக்குச் சொந்தம். அது போதாதென்று என் நாயும் வேண்டுமா?

அடுத்த நாளே விசாரணையை ஆரம்பித்தேன். நேரில் கேட்கக் கூச்சம். என் மனைவி சரோஜாவை விட்டுத்தான் கேட்கச் சொன்னேன். டைகருக்கு என்ன சாப்பாடு?

"கேப்பக் களியும் மீன் தலையுமாங்க. அவ்ளோதான்."

அன்றைக்கே மீன் தலை வாங்கி வந்தேன். ஜிம்மி ரசித்துச் சாப்பிட்டது. பிறகு புதுத் தெம்போடு குரைத்தது.

தெருவில் போகிறவர்களைப் பார்த்துத்தானே குரைக்கிறது என்று கேட்டில் கோணிச்சாக்கைக் கட்டினேன். சாக்கைப் பார்த்துக் குரைத்தது. கேட் பக்கத்திலிருந்து அவிழ்த்துக் கொல்லையில் கட்டினேன். கிணற்றைப் பார்த்துக் குரைத்தது. மறுபடியும் கேட்டுக்கே கொண்டுவந்து கட்டினேன். எதிரே டைகர் ஒரு கொட்டாவி விட்டது. எனக்கென்னவோ அது என்னைப் பார்த்து விட்ட கொட்டாவியாகத்தான் பட்டது.

வலது பக்கத்து வீடு கமலாம்மா. அவர்கள் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் நான் மண்டிக்குச் சைக்கிளை எடுக்கிற நேரம் பார்த்துச் சுவரோரம் வந்து நின்றார்கள்.

"அண்ணா, ஒரு பேச்சு. பச்சப் புள்ளய ஏணயில போட்டு ஆட்டி ஆட்டி கை வலிக்குது. கண்ணு சொருவற நேரத்துல ஒங்க நாயி எழுப்பிவுடுது. பெத்தவளுக்கும் தூக்கமில்ல. பேஜாராப் போச்சு. எந்தம்பி விக்கிரவாண்டியில ஓட்டல் வச்சிக்கினு இருக்கறான். லாரிங்க நிக்கற எடம், காவலுக்கு நாய் வேணுமாம். அடுத்த ஞாயித்துக்கெழம வர்றான். குடுத்துடுங்க."

நான் சைக்கிள் மணியைத் துடைத்தேன்.

கமலாம்மா மேல் கோபப்பட முடியவில்லை. ஒரு மாதக் குழந்தை. நியாயம் அவர்கள் பக்கம். ஆனால் ஜிம்மி லாரிச் சக்கரங்களுக்கு நடுவே...

செய்தி எதிர்வீட்டுக்கும் போயிருக்கிறது. சாயந்திரம் ஆரோக்கியசாமி வந்தார். கேட்டருகே ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு சத்தம் இல்லை!

"எதுக்குங்க விக்கிரவாண்டிக்கு? எங்க வூட்லயே கட்டிக்கிறேன். டைகரோட டைகரா இருக்கட்டும். நீங்க தெனம் பாத்துக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளலாமே!

அவர் போனதும் சரோஜா சொன்னாள்: "நல்ல யோசனதாங்க. அவரு நாய்கிட்ட எப்டி ஒக்காந்து பேசறாரு தெரியுமா? நீங்க எங்கிட்டகூட அவ்ளோ பேசனதில்ல."

விக்கிரவாண்டியே தேவலை என்று தோன்றியது. அங்கே போனால் கண்ணில் படாது. எதிர்வீட்டில் என் நாய் நல்ல பிள்ளையாகப் படுத்திருப்பதைத் தினமும் நான் பார்க்க வேண்டுமா?

இரண்டு நாள் கழித்து அமாவாசை. அன்றைக்கு எங்கள் மண்டிக்கு லீவு. பகலில் நான் வீட்டில் இருப்பது அபூர்வம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஜிம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் சில நாள்தானே பார்க்கப்போகிறோம் என்றுதான்.

ஜிம்மி எழுந்து உடம்பை உதறியது. கமலாம்மா வீட்டுப் பக்கம் திரும்பிக் குரைத்தது. தெருவில் ஆள் இல்லை. ஆடு இல்லை. காக்காய்கூட இல்லை. யாரைப் பார்த்துக் குரைக்கிறது?

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்தது. "சனியனே, இந்தா... தின்னுட்டுக் கெட!" அவித்த மல்லாட்டை, ஒரு பிடி, பொலபொலவென்று விழுந்தது. ஜிம்மி தோலோடு மென்று தீர்த்தது.

தீர்ந்ததும் இடது பக்கம் திரும்பியது. அங்கே ரிடையர்டு கண்டக்டர் முருகேசன் வீடு. இரண்டு குரைப்பு. ஜன்னலிலிருந்து ஒரு பிடி வறுத்த மல்லாட்டை! பிறகு எங்கள் சமையலறையைப் பார்த்து நின்றது. அது வாயைத் திறப்பதற்கு முன்பே சரோஜா ஒரு பிடியோடு வந்துவிட்டாள்.

"தெனமும் இப்டித்தானா?" என்றேன்.

"பின்ன? போட்டாதான் வாய மூடுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறுவடைச் சமயத்தில் தெருவே மல்லாட்டையை ரோட்டில்தான் காய வைக்கும். ஆடும் காக்காயும் வராமல் இருக்க ஜிம்மியை நடுவில் கட்டியிருந்தோம். குரைத்தால், "கெட்டிக்காரன்டா!" என்று ஆளுக்கொரு பிடி போட்டோம். காயவைத்தது மூட்டைக்குள் போய்விட்டது. ஜிம்மிக்கு யார் சொன்னது? அது வேலையை விடவில்லை. நாங்களும் கூலியை நிறுத்தவில்லை. முன்பு குரைக்கக் கொடுத்ததை இப்போது குரைக்காமல் இருக்கக் கொடுக்கிறோம். வித்தியாசம் நமக்குத் தெரியும். நாய்க்கு?

மூன்று பக்கமும் வசூலாகிவிட்டது. நான்காவது பக்கம் எதிர்வீடு. ஜிம்மி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏன்? அங்கேயிருந்து இதுவரை ஒரு மல்லாட்டை வந்ததில்லை. குரைக்கிற நாய்க்கு ஆரோக்கியசாமி எதுவும் கொடுக்க மாட்டார். சும்மா நிற்பார். சத்தம் நின்றால்தான் தலையைச் சொறிந்துகொடுப்பார். அவர் தலையைக் கண்டால் ஜிம்மி வாயை மூடுவது பாசத்தினால் இல்லை... சொறிந்துகொடுக்கிற விரலுக்காக!

எத்தனை நாளாக வயிறெரிந்திருக்கிறேன்!

வழி தெரிந்துவிட்டது. குரைத்தால் யாரும் எதுவும் போடக்கூடாது. வாய் மூடியிருக்கும்போது மட்டும் நான் போட வேண்டும். ஆனால் இதைத் தெருவுக்கு யார் சொல்வது?

"எதிர்வூட்டுக்காரர சொல்லச் சொல்லட்டுமா?" என்றாள் சரோஜா. "அவரு சொன்னா கேப்பாங்க."

அந்த ஒரு வார்த்தை போதும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கமலாம்மா வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன பேச்சு படியிலேயே காணாமல் போய்விட்டது.

"கமலாம்மா... மல்லாட்ட..."

"இவ்ளோதானா? இதுக்குப் போயி கூச்சப்படறீங்களே!" என்று உள்ளே போய், ஒரு முறம் நிறைய அள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். மண்டியில் எடை போடுகிறவன் மல்லாட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். சரோஜா சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

முறத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மறுபடி முயன்றேன். ஜிம்மியின் வசூல் வழியைக் கையால் காட்டி, குரைத்துக்கூடக் காட்டி, எப்படியோ சொல்லி முடித்தேன். கமலாம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

"அப்ப நாங்கதான் கெடுத்துவுட்டமா? சரி அண்ணா. ஞாயித்துக்கெழம வரிக்கும் பாக்கறேன். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது."

முருகேசன்தான் பிடிகொடுக்கவில்லை. "இன்னா பங்காளி, நானு போடறத நிறுத்திட்டா அது என்ன மறந்துடுமே! இந்தத் தெருவுல என்னப் பாத்து வாலாட்டறது அது ஒண்ணுதான்" என்றார். சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் கையாலேயே போடட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

நிறுத்தியதும் அடங்கிவிட்டதா? இல்லை. முதல் இரண்டு நாள் ஜிம்மி இதுவரை குரைக்காத குரைப்பெல்லாம் குரைத்தது. கடைக்காரன் கதவைத் திறக்கவில்லை என்றால் பலமாகத் தட்டுவோமே, அப்படி. கமலாம்மா வீட்டுச் சுவருக்கு மேலே கை வந்தது. வெறுங்கைதான். எதையோ எறியத் துடித்து, இறங்கிவிட்டது. ஏணைக் கயிறு கிரீச் கிரீச்சென்று ஆடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் ஜிம்மிக்குச் சலித்துவிட்டது. படுத்தது. படுத்தபடி இருக்கும்போது ஒரு மல்லாட்டை போட்டேன். நிமிர்ந்து பார்த்தது. குரைக்கவில்லையே, எதற்கு என்று நினைத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. காலையில் மண்டிக்குப் போவதற்கு முன் ரயில் பாதை ஓரமாக ஒரு நடையும் கூட்டிப்போனேன். அந்த யோசனை யாருடையது என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். டைகரும் அந்த வழியில்தான் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கமலாம்மாவின் தம்பியும் வந்தார். கையில் கயிறு. புது ஆள், பெரிய மீசை, சுருட்டு வாசனை. இதுவரை இப்படி ஒருவரைப் பார்த்து ஜிம்மி சும்மா இருந்ததே இல்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் மல்லாட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குரைத்துவிட்டால் எல்லாம் போச்சு.

ஜிம்மி எழுந்தது. அவரைப் பார்த்தது. தொண்டையில் ஏதோ உருண்டது. என் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது... உட்கார்ந்துவிட்டது.

தம்பி கேட்டை ஆட்டிப் பார்த்தார். காலைத் தரையில் தட்டினார். "டேய்" என்றார். ஜிம்மி காதைச் சொறிந்தது.

"இன்னாக்கா இது? ஊம நாயா இருக்குது! லாரி டயர அவுத்துக்கினு போனாக்கூட பாத்துக்கினு ஒக்காந்திருக்கும் போல. எனுக்கு வாணாம்பா."

கமலாம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இருந்துட்டுப் போவட்டும்டா. நம்ப தெரு நாயிதான" என்றார்கள்.

கையிலிருந்த மல்லாட்டை முழுவதையும் ஜிம்மிக்குப் போட்டேன்.

மூன்றாம் மாதம் முடிந்து, குழந்தையும் தாயும் மயிலம் பக்கத்தில் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெரு அமைதியாக இருந்தது — போன வாரம் வரைக்கும்.

போன வாரம் ஒரு சாயந்திரம், ஜிம்மிக்கு நான் மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு குரைப்பு. நிமிர்ந்து பார்த்தேன். டைகர்! எழுந்து நின்று, சங்கிலியை இழுத்துக்கொண்டு, எங்கள் கேட்டைப் பார்த்து ஓயாமல் குரைக்கிறது. அதற்கு என்ன வியாதி என்று எனக்கா தெரியாது? எதிர்வீட்டைப் பார்த்துப் பார்த்து நானும் அதே வியாதியில் கிடந்தவன்தானே!

சிறிது நேரத்தில் ஆரோக்கியசாமி தெருவைத் தாண்டி வந்தார். முகம் வாடியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒங்க ஜிம்மிய எப்டிங்க அடக்கனீங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! எத்தனை பதில் வைத்திருந்தேன்! வாயைத் திறந்தேன். "அது... பழக்கங்க" என்று மட்டும் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

மீதியைச் சரோஜாதான் கேட்டருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் டைகர் குரைத்துக்கொண்டேதான் இருந்தது... எனக்கு ஒன்றும் அவசரமில்லை.