கேட்காமல் போன சேலைன் மணி

றிப்தாவின் களைப்பு ஒரு நாளில் வந்ததல்ல. மடவளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு பஸ்ஸில் நின்றபடியே போவாள். அங்கே பாலத்தைப் பார்த்த அலுவலக மாடியில் பகலெல்லாம் கணினியோடு மல்லுக்கட்டுவாள். வீடு வந்தால், கால் முறிந்து கட்டிலில் கிடக்கும் கணவன் லாபிர். அவரைத் துடைத்து, ஊட்டி, மறுபடியும் கணினி. முகம் பார்க்கும் கண்ணாடிகூட அவளைப் பார்த்துக் களைத்திருந்தது.

அவள் செய்வது டிரைவர் எழுதும் வேலை. கருவியையும் கணினியையும் பேசவைக்கும் வேலை. கருவிக்கு அவசரம் என்றால், கணினி செய்துகொண்டிருப்பதை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். என்னவென்று போய்ப் பார்ப்பது டிரைவரின் பொறுப்பு.

இப்போது அவள் கையில் இருந்தது சேலைன் காவல் கருவி. ஒவ்வொரு சொட்டையும் எண்ணும். போத்தல் தீரப் போனால் தாதியின் மேசையில் மணியடிக்கும். ஆனால் எப்போதாவது ஒரு தடவை அடிப்பதில்லை. ஏன் என்றுதான் தெரியவில்லை.

"எப்பவோ ஒருக்கா தானே அக்கா? திங்கக்கிழம வார்டுக்குக் கொண்டு போறோம். டொக்டருக்கு வாக்குக் குடுத்தாச்சு," என்றான் நிறுவனத்தை நடத்தும் ஜனகன்.

"அந்த ஒருக்கா யாருட புள்ளயோ, ஜனகன்."

சனிக்கிழமை பகல். மழை. மாத்திரை போட்டுக்கொண்டு லாபிர் தூங்க, முன்னறையில் றிப்தா திரையை வெறித்திருந்தாள். வெளியே யாரோ ஸலாம் சொன்னது போல இருந்தது. இந்த வரியை மட்டும் முடித்துவிடுவோம் என்று விரல்களை ஓட்டினாள். முடித்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் மழை மட்டும்தான். காதிலும் கோளாறு வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொலைபேசி அலறியது. பிலிமத்தலாவையிலிருந்து அனீஸா, லாபிரின் ராத்தா, மூத்த சகோதரி. தம்பி விழுந்த செய்தியைத் தனக்குக் கடைசியாகச் சொன்னார்கள் என்று இத்தனை காலம் முகம் திருப்பியிருந்தவள்.

"கோவத்த விட்டுட்டுத்தான் வந்தேன் புள்ள. ரெண்டு பஸ் மாறி, கையில வட்டிலப்பமும் தூக்கிட்டு."

"எப்ப மதினி? நான் ஊட்டுலதானே இருந்தேன்!"

"மூணு தரம் ஸலாம் சொன்னேன். பதில் இல்ல. அதுக்கு மேல கதவத் தட்டிட்டு நிக்க நான் என்ன கடன்காரியா? நம்மட முறைப்படி திரும்பிட்டேன்."

"கதவத் திறந்து பார்த்தேன் மதினி, சத்தியமா ஒருத்தரும் இல்ல!"

"போன பொறகு பார்த்தா எப்படி இருப்பாங்க?"

றிப்தாவின் கண் திரைக்குப் போனது. அவள் எழுதிய டிரைவரும் அதையேதான் செய்தது! சொட்டின் கணக்கை ஆற அமர எழுதி முடித்துவிட்டுத்தான் வாசலைப் பார்த்தது. போத்தலின் கூப்பாடோ ஒரு கணம் எழுந்து அடங்கிவிடுவது. எட்டிப் பார்க்கும்போது யாரும் இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை என்று முடிவு கட்டிவிட்டது. கூப்பாடு வந்த உடனே அதைக் குறித்துக்கொண்டு, கணக்கையெல்லாம் பிறகு எழுதியிருக்க வேண்டும்.

அவள் அழுதாள். எதற்கென்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அழாத புள்ள," அனீஸாவின் குரல் இளகியது. "நாளைக்கி வாறேன். வட்டிலப்பத்தத்தான் புள்ளையல் முடிச்சிட்டுதுகள்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனகனை அழைத்தாள். "திங்கக்கிழம கொண்டு போக ஏலாது. பிழை நான் விட்டதுதான். திருத்தி, முதல்ல இருந்து சோதிக்கணும்."

"டொக்டர் வேற இடத்துல வாங்கிட்டா நம்ம கடைய மூட வேண்டியதுதான், அக்கா!"

"மூடுங்க. இத நான் தர மாட்டேன்."

அவன் அழைப்பைத் துண்டித்தான். திங்கட்கிழமை வேலை இருக்குமா என்று தெரியாமலேயே திருத்த உட்கார்ந்தாள். மறுநாள் காலையிலிருந்து முன்னறையிலேயே கருவியில் போத்தலை மாற்றி மாற்றித் தொங்கவிட்டாள். மணி அடித்தது. மறுபடி அடித்தது. மகிழ்ச்சிக்குக்கூட உடம்பில் தெம்பில்லை. சுவரில் சாய்ந்தபடி அடுத்த போத்தலை எடுத்தாள்.

"என்ன றிப்தா இது, காது போகுது! எத்தன தரம் கத்தும் அது?" உள்ளிருந்து லாபிர் கத்தினார்.

"கத்தட்டும்," என்றாள்.