அந்தோணி அண்ணனை மேடையேற்றினோம்

வார்னிஷ் வாடை என்றால் சிலருக்குப் புது வீடு ஞாபகம் வரும். எனக்குப் பூதலூர் ரயிலடிப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கடைதான் வரும்... புதிதாகக் கம்பிச் சுருள் கட்டிய மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றி வாசல் வெயிலில் காய வைத்திருப்பார் அந்தோணி அண்ணன். தெருமுனையிலேயே மூக்கில் ஏறும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குடி மறுவாழ்வு மையத்தில் வேலை. கையில் ஃபைல், தோளில் ஜோல்னாப் பை, ஊரையே திருத்திவிடுவேன் என்ற நினைப்பு வேறு.

அந்தோணி அண்ணனுக்கு நாற்பது இருக்கும். சுற்றுவட்டாரத்தில் எவர் வீட்டு போர்செட் மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். வேலை அவ்வளவு சுத்தம். குடிதான் விடவில்லை. அவர் மனைவி ரீட்டா அக்கா ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்தார். மனிதர் நடுங்கினார், வாந்தி எடுத்தார், எங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்... கடைசியில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். நிஜமாகவே விட்டுவிட்டார்.

அதுவரை நாங்கள் செய்தது நல்ல காரியம்தான். யார் கேட்டாலும் சொல்வேன்.

அதற்கப்புறம் செய்ததுதான்...

எங்கள் டைரக்டருக்கு ஒரு பழக்கம். குணமானவர்களைச் சர்ச் திருவிழா, தவக்காலக் கூட்டம் என்று அழைத்துப்போய், குடியை விட்ட கதையை மேடையில் சாட்சி சொல்ல வைப்பார். அந்தோணி அண்ணன் முதல் தடவை பேசியபோதே கூட்டம் அழுதது. பொன்னாடை போர்த்தினார்கள், ஒரு சிப்பம் அரிசி கொடுத்தார்கள். மையத்துக்கும் நன்கொடை வந்தது. அவ்வளவுதான், மனிதரை விடவில்லை நாங்கள். வலங்கைமான், வேளாங்கண்ணி என்று வேனில் ஊர் ஊராக அழைத்துப் போனோம். அவர் பேச்சை எழுதித் திருத்தியவன் நான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரல் கம்ம வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாவது கூட்டத்துக்குப் போகும்போதே வேனில் கேட்டார்.

"சார், குறுவைக்கு நாத்து விட ஆரம்பிச்சிட்டாங்க. இப்பதான் மோட்டார் வேலை வரும். என்னைய விட்டுருங்க சார். கடையத் தொறக்கணும்."

"இன்னும் ரெண்டே கூட்டம்ணே. உங்க பேச்சக் கேட்டு நாலு குடும்பம் பொழைக்குதுல்ல?"

அந்த ரெண்டு கூட்டம் முடியவே இல்லை. அவர் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மையத்திலிருந்தே போனது. பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸும் நாங்களே கட்டினோம். நல்லாத்தானே பார்த்துக்கொள்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு பெருமை.

ஒருநாள் அரிசி மூட்டையோடு போனேன். கடை பூட்டியிருந்தது. மொபெட் பின்னால் எரிந்துபோன மோட்டாரைக் கட்டிக்கொண்டு ஒரு விவசாயி வாசலில் நின்றார்.

"மூணு நாளா வந்துட்டுப் போறேன் தம்பி. நாத்து காயுது. இந்த ஆளு எங்கதான் போறாரு?"

நான் மூட்டையை இறக்கி வைப்பதற்குள், "தஞ்சாவூருக்கே கொண்டு போறேன்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. ரீட்டா அக்கா மூட்டையை உள்ளே எடுக்கவிடவில்லை.

"குடிச்ச காலத்துலகூட பொழுது சாயற வரைக்கும் கடை தொறந்திருக்கும் சார். நீங்க திருத்துனதுக்கு அப்பறம் அதுவும் இல்ல. இந்த அரிசிய நீங்களே வச்சுக்கங்க. அந்த மனுசன எங்களுக்குத் திருப்பிக் குடுங்க."

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். "நன்றி கெட்ட ஜனம்ப்பா" என்றார். நானும் நம்பினேன்... நம்புவது வசதியாக இருந்தது.

போகப்போக அந்தோணி அண்ணனும் கடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். மைக் பிடிப்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. அதையும் நாங்கள்தான் பழக்கினோம். எத்தனை நாளைக்கு ஜனம் ஒரே கதைக்கு அழும்? அடுத்த தவக்காலத்துக்குள் டைரக்டருக்கு வேறொரு ஆள் கிடைத்துவிட்டார். வயது குறைவு, இவரைவிட நன்றாக அழுவார். வேன் பூதலூருக்குப் போவது நின்றது. அரிசியும் அதே மாதம் நின்றது.

"எத்தனை நாளைக்குத்தான் குடுக்கறது? சொந்தக் கால்ல நிக்கப் பழகட்டும்" என்றார் டைரக்டர்.

நின்ற காலை முறித்துவிட்டு நிற்கப் பழகு என்கிறோமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தலையாட்டினேன்.

அண்ணன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். மோட்டார் ஒன்றும் வரவில்லை. எல்லாரும் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள். அந்த வருடக் குறுவை நடவு முடிவதற்குள் பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார். 'ரிலாப்ஸ்' என்று ஃபைலில் எழுதி மூடினேன்.

இப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். அன்றைக்குச் சம்பளம் குறைவு, நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இன்றைக்குச் சம்பளத்துக்குக் குறைவில்லை, அந்த நிமிர்வை நினைத்தால் கூசுகிறது. அவரைச் சோம்பேறி ஆக்கிவிடக் கூடாது என்று மீட்டிங் போட்டுப் பேசிய நாங்கள்தான் அவர் கண்ணீரை வைத்துப் பிழைத்தோம்.

போன மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ தோளைத் தொட்டார்கள். அந்தோணி அண்ணன்... பாதி ஆளாகிவிட்டார். பகலிலேயே வாயில் வாடை. ரீட்டா அக்கா பெண்ணைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாராம்.

"மோட்டார் வேலை எதுவும் பாக்கறதில்லையாண்ணே?"

"கை மறந்துருச்சு சார். நீங்க எழுதிக் குடுத்த பேச்சு மட்டும் ஒரு வரி மறக்கல."

வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? பர்ஸை எடுத்தேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"காசு வேணாம் சார். எங்கயாச்சும் கூட்டம் இருந்தா சொல்லுங்க. வந்து பேசுறேன்."