சோதனை என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். அந்தப் பெருமையோடு, நெசவாளர்களின் கண்களைப் பற்றி ஆராய மெட்ராஸிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மாவிடம் விடுமுறையில் உதவிக்குச் சேர்ந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது என் வேலை. ஆராய்ச்சி என்றால் யாருக்கும் புரியாதென்று நானே ஓர் எளிய சொல்லைப் பிடித்தேன்.

"நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து சோதனைக்கு வராங்க. எல்லாரும் வீட்லயே இருங்க!"

மறுநாள் தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஒரு தறிச் சத்தம் இல்லை. எங்கள் தெருவில் சோதனை என்றால், ஜரிகையைத் தூக்கிப் பார்த்துக் கணக்குக் கேட்க வரும் அதிகாரிகள்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மாவோடு போய் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜரிகையை அரிசிப் பானைக்குள் அமுக்கிவிட்டு, கையெல்லாம் அரிசித் தூளோடு வெளியே வந்தாள்.

"கூட்டிக்கினு வந்துட்டியாடா, சொந்த அத்தைய காட்டிக் குடுக்க?"

"ஐயோ அத்தே, கண்ணு பாக்க வந்திருக்காங்க!"

"அத அப்பவே சொல்ல வாய் வலிச்சுதா? காலேஜ் படிக்கிறானாம் காலேஜ்!"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அறுந்த இழையை அவள் கண்ணால் அல்ல, விரலால் தடவித்தான் தேடிக்கொண்டிருந்தாள். பட்டு கொடுக்கும் முதலாளிக்கு அது தெரிந்தால் அடுத்த புடவைக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் தரமாட்டார்.

"எதுக்கும்மா எங்க கண்ணு? கண்ணாடி குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம் அத்தே..." என்று நான் இழுத்தேன். டாக்டரம்மா என்னைக் கையமர்த்தினார்.

"கண்ணாடி தரமாட்டோம்மா. தறி வேலை கண்ண என்ன செய்யுதுன்னு எழுதப் போறோம். அதுல உங்க பேர் வராது. உங்க கண்ணு எப்படி இருக்குன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். இஷ்டம் இல்லன்னா வேணாம்."

"முதலாளி கேட்டா?"

"சொல்லமாட்டேன்."

"இவன் கேட்டா?"

"இவர்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப சரி. நீ வெளிய நில்லுடா."

நின்றேன். அந்த நேரம் பார்த்து முதலாளி சைக்கிளில் வந்து காலூன்றினார். "இன்னாப்பா, உங்க அத்தைக்குக் கண்ணு எப்படியாம்? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"எனக்கே தெரியாதுங்க" என்றேன். உண்மையிலேயே தெரியாது. பொய் சொல்ல வேண்டியிராதது எத்தனை சுகமாக இருந்தது!

அவர் போனதும் அத்தை வெளியே வந்தாள். "இன்னா சொன்னாங்க அத்தே?"

"அதெல்லாம் ரகசியம்பா" என்று சொல்லிவிட்டு, அரிசிப் பானையிலிருந்து ஜரிகையை எடுக்கப் போனாள்.

அடுத்த மாதம் அத்தையின் மூக்கில் ஒரு கண்ணாடி ஏறியிருந்தது. முதலாளி விசாரித்தாராம். "சினிமா கொட்டாய்ல மூஞ்சிங்க சரியா தெரியமாட்டேங்குதுங்க" என்றாளாம் அத்தை. அவள் நெய்துவைத்திருந்த முந்தானையை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அடுத்த புடவைக்கான பாவு நூலை இறக்கிவைத்துவிட்டுப் போனார்.