முட்டி மடங்காத ஆசானோடு குற்றாலத்தில் பதினைந்து நாள்

சென்ற வருஷம் ஆனி மாதக் கடைசியில் குற்றாலம் போயிருந்தோம். சீசனுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். நான் பினாங்கில் ஒரு அரிசி மண்டியில் குமாஸ்தா, பூர்வீகம் ஆய்க்குடி. கூட வந்தவர் என் ஆசான் லிம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முப்பது வருஷமாக அங்குள்ள சீனர் சங்கமொன்றில் தாய்ச்சி பயிற்சியாளர். முட்டியை மடக்கித் தாழ நின்று, கைகால்களை மெள்ள மெள்ள நகர்த்துகிற பயிற்சி அது. எவ்வளவு தாழ்கிறோமோ அவ்வளவு தேர்ச்சி என்பது அவர் கட்சி.

அந்த முட்டிதான் இப்போது மடங்க மறுத்தது. ஐப்பசியில் சங்கத்தின் ஆண்டு விழா. முன்னால் நின்று அவர் பயிற்சி செய்து காட்ட முடியாவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று நிர்வாகிகள் சொல்லிவிட்டார்கள். குற்றாலத்துத் தண்ணீரில் குளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான்தான் ஜம்பமாகச் சொல்லிக் கூட்டிவந்தேன்.

கப்பலில் நாகப்பட்டினம் ஆறு நாள். அங்கிருந்து ரயில் மாறி மாறித் தென்காசி சேர ஒன்றரை நாள். ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். மாட்டுவண்டிக்கு எட்டணா கேட்டு ஆறணாவுக்குப் படிந்தது. சீனாவில் நெல் உண்டா, தென்னை உண்டா என்று வண்டிக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் ஆசானுக்கும் பொதுவான பாஷை மலாய். அவர் பதிலையெல்லாம் தமிழில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பெரிய அருவிக்குப் போனோம். அங்கே எண்ணெய் தேய்ப்பவர் இலஞ்சி மாடசாமி; ஆளுக்கு நாலணா. ஆசானின் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, இவருக்கு என்ன தொழில் என்று கேட்டார். நான் தாழ நின்று காட்டினேன்.

“ஏன் அண்ணாச்சி, இம்புட்டுத் தாழ நின்னாத்தான் அந்த வித்தை வருமாக்கும்? நிமிந்து நின்னு செஞ்சா என்ன கெட்டுப்போவுது?”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆசானிடம் அப்படியெல்லாம் கேட்க முடியுமா? சுத்தமான நல்லெண்ணெய் என்கிறார் என்று ஒரு பொய் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

மூன்று நாள் எண்ணெயும் அருவியுமாகப் போயிற்று. வலி குறைந்ததே தவிர, தாழ நிற்க முடியவில்லை. நாலாம் நாள் ஐந்தருவிக்குப் போனோம். மூன்று மைல், வண்டிக்கு ஐந்தணா. மாடசாமியும் கூட வந்தார். அன்றைக்கு நானும் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தேன். வலது முட்டியின் உள்பக்கம் அவர் கை பட்டதும் துள்ளிவிட்டேன்.

“இங்கனயும் அதே இடந்தான். எத்தன வருசமா இத மறைக்குதிய?”

இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆசான் எழுந்து வந்து அதே இடத்தில் தன் விரலை வைத்தார். எத்தனை வருஷம் என்று கேட்டார். நாலு என்றேன். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்றார்.

“முட்டி மடங்காமல் போகும்வரை நீங்களும் சொல்லவில்லையே” என்றேன்.

மாடசாமி முதல் நாள் கேட்டதை அப்போதுதான் ஆசானுக்குச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ பாறையோரத்தில் நிமிர்ந்து நின்று, முட்டியைச் சற்றே தளர்த்தி, முழுப் பயிற்சியையும் செய்து முடித்தார். முகத்தில் வலி தெரியவில்லை. குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு நின்று பார்த்தார்கள். பிறகு ஆசான் வந்து மாடசாமியின் எண்ணெய்க் கைகளைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆனி நடுவிலிருந்து ஆவணி வரை தண்ணீர் உண்டு. பதினைந்து நாளைக்கு வீட்டு வாடகை ஏழு ரூபாய். துணி காயவே காயாது, ஆகையால் மூன்று மாற்றுடையாவது வேண்டும். எண்ணெய் தேய்ப்பவரிடம் வலியை ஒளிக்காதீர்கள். மாடசாமிக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். தினமும் காலையில் எழுந்து நிற்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி விழாவில் ஆசான் நிமிர்ந்துதான் நின்றார். பின்னால் வரிசையாகத் தாழ நின்றிருந்த எங்கள் பக்கம் திரும்பி, வலிக்கிறவர்கள் தன்னோடு நிமிரலாம் என்றார். இருபது பேரில் பதினான்கு பேர் நிமிர்ந்தோம். அதில் மூன்று பேர் நிர்வாகிகள்.