வாலாம்பாள் மாமி வீட்டுப் படியில் ஒரு சிவப்புக் கோடு

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருமுனையில் பெரிய பலகை ஒன்று நட்டிருக்கிறார்கள். நிலைத்த வளர்ச்சி, மழையைத் தாங்கும் நகரம் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. அதை எங்கள் தெருவில் நடத்திக் காட்டியவள் கோமதியம்மாள். பலகையில் அவள் பெயர் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவள். பார்த்துப் பார்த்தே வேலை கற்றுக் கொத்துக் கரண்டி பிடித்தாள். எங்கள் தெரு மழைநீர் ஓடைதான் அவள் மேஸ்திரியாக நின்ற முதல் வேலை. "பொம்பள மேஸ்திரி செரியாகுமோ?" என்று சூப்பர்வைசர் சுதீஷ் முதல் நாளே மலையாளம் கலந்த தமிழில் கேட்டான். "மழ பெஞ்சா தெரியும் சாரே" என்றாள்.

மழை பெய்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகும். நாங்களும் விடாமல் வாசற்படியை உயர்த்துவோம். தண்ணீர் அதையும் தாண்டிக் கூடத்தில் வந்து உட்காரும். இந்த முறைதான் யாருக்கோ புத்தி வந்து, ஓடையை வாட்டம் பார்த்துக் கட்டி, பழைய தாரைச் சுரண்டிச் சாலையைத் தாழ்த்தச் சொன்னார்கள்.

ஓடை முடிந்தது. மூடி போடுமுன் கோமதி நான்கு குடம் தண்ணீர் ஊற்றி ஒரு பூவரசு இலையை மிதக்கவிட்டாள். இலை ஜோராகப் போயிற்று. கடைசி வீடான வாலாம்பாள் மாமி வீட்டு வாசலில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

"பெரிய மழையில தன்னால போய்க்கோளும். நாளைக்கு மூடி போட்டாப் போதும்" என்றான் சுதீஷ்.

கோமதி மூன்று தடவை அளந்தாள். மாமி வீட்டுப் படியில் சர்வேக்காரர்கள் போட்ட சிவப்புக் கோட்டிலிருந்து மூன்றடி கீழே ஓடையின் தளம். அளவு அச்சாகச் சரியாக இருந்தது. அப்போதுதான் அவள் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்தாள்.

ஓடை வேலைக்கு வருமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் படியை அரையடி உயர்த்திக் கட்டிக் கொடுத்தவளே அவள்தான். "கவர்மெண்ட் போட்ட கோடுடீ, அழிஞ்சுதுன்னா நம்மளைன்னா கேப்பா! அப்படியே மேலே வரைஞ்சுடு" என்று மாமி பதறினாள். கோமதியும் பெயிண்ட் வாங்கிவந்து, புதுப் படியின் மேல் பிசகாமல் வரைந்தாள். கோடு அரையடி ஏறியது. அதை நம்பிக் கட்டிய ஓடையின் கடைசிப் பகுதியும் ஏறிவிட்டது.

நானாக இருந்தால் மூடியைப் போட்டுவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருப்பேன். சொன்னால் கரண்டி போய் மறுபடி சட்டிதான். கோமதி இன்ஜினியர் ஸ்மிதாவுக்குப் போன் போட்டாள்.

ஸ்மிதா வந்தாள். "தப்பு எம்மேலதான் மேடம்" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள் கோமதி.

"உறப்பா, நிச்சயமாச் சொல்றீங்களா சேச்சி?"

கோமதி உளியை எடுத்துப் படியை உடைக்க ஆரம்பித்தாள். "ஐயோ, புதுப் படிடீ!" என்று மாமி அலறினாள். அரையடிக்குக் கீழே பழைய சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

"ஞான் அன்னைக்கே சொன்னதல்லே..." என்று ஆரம்பித்தான் சுதீஷ். ஸ்மிதா அவன் பக்கம் திரும்பவில்லை. "எத்தனை திவசம் வேணும் மேஸ்திரி?" என்று கேட்டாள்.

மேஸ்திரி என்ற சொல்லைக் கேட்டதும் கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாளு மேடம். எம் ஆளுகளே போதும்."

கடைசி முப்பதடியை உடைத்து மறுபடி கட்டினார்கள். மறுவாரம் மழை கொட்டியது. குடையோடு நின்று பார்த்தேன். தண்ணீர் நிற்காமல் ஓடிற்று, ஒரு வீட்டுக்குள்ளும் வரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

சாலையைத் தாழ்த்திய பிறகு, உடைத்த படியைக் கட்டித் தரச் சொல்லி மாமி கூப்பிட்டாள். "இனி எதுக்கு மாமி? ரோடே எறங்கிட்டு" என்ற கோமதி, கோட்டை ஸ்மிதா முன்னிலையில் ஓடைச் சுவருக்கு மாற்றிவிட்டு, முன்பு ஏற்றிக் கட்டிய பழைய அடுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். அணை மாதிரி வாசலை அடைத்திருந்த படியை ஏறித் தாண்ட முடியாமல் மூன்று வருஷமாக உள்ளேயே இருந்தவள் மாமி. அன்று சாயங்காலம் யார் கையையும் பிடிக்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.